பால்ரஸ் குண்டுகளும் என் உள்ளங்கையும்

இரும்பைத் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பேரிங்குக்கான எஃகு வளையங்கள் செய்து கப்பலில் அனுப்பும் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். கடைந்து, தேய்த்து, முகம் பார்க்கலாம் போல மினுங்கும் வளையங்கள் எங்களிடம் வரும். அவற்றைக் கழுவி, காயவைத்து, எண்ணெய் பூசி, துரு அண்டாத ஒருவகைத் தாளில் சுற்றிப் பெட்டியில் அடைப்போம். பெட்டி கடல் கடந்து போய் வேறொரு நாட்டில் திறக்கப்படும்போதும் வளையத்தில் அதே மினுக்கு இருக்க வேண்டும். இருபது வருடத்துக்கும் மேலாக இதையே செய்துவருவதால் கம்பெனியில் எனக்குத் 'துரு சார்' என்று பெயர். முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். எனக்கு அது தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

வீடு மணவாள நகரில். கம்பெனி பஸ் பெரியபாளையம் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்கப் பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத் துருவைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டே போவேன். சில வருடங்களாக என் பக்கத்து சீட் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது.

என் மனைவிக்குப் பள்ளிப்பட்டு பக்கம். அவளுடைய அண்ணன், கொய்யா மரத்தில் வந்து உட்காரும் கிளிகளை விரட்டுவதற்காக ஆன்லைனில் ஓர் உண்டிகோல் வாங்கினார். நாங்கள் சின்ன வயதில் மரக்கவட்டையில் சைக்கிள் டியூப் கட்டிச் செய்தது மாதிரி இல்லை. இரும்புச் சட்டம், பட்டையான ரப்பர், நடுவே தோல் பட்டை, கூடவே ஒரு பையில் இருநூறு எஃகுக் குண்டுகள். பால்ரஸ் குண்டு என்று எல்லோரும் சொல்வோமே, அதுதான். அண்ணன் முதல் நாளே மோட்டார் ரூம் பல்பை உடைத்தார். இரண்டாம் நாள் மீட்டர் பெட்டியின் கண்ணாடி. கிளிகள் அசையவில்லை. அண்ணி, அந்தச் சனியன் இனி இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஊருக்குப் போயிருந்த என் மனைவி, "குடு நைனா, நான் எடுத்துக்கினு போறேன்" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். பள்ளிப்பட்டில் அண்ணனும் நைனாதான், அப்பாவும் நைனாதான்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். ஊசியில் நூல் கோப்பதற்குக் கண்ணாடி போட மாட்டாள். மொட்டைமாடிக் கொடியில் பழைய ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டாள். அதற்கு முன்னால் பால்பவுடர் டின்களை வரிசையாகக் கட்டினாள். சாயங்காலம் தையல் முடிந்ததும் மேலே போய்விடுவாள். ஜமுக்காளத்தில் பட்டு விழும் குண்டுகளைக் காந்தத்தால் அள்ளிக்கொள்வாள். ஒரே மாதத்தில் பத்துக்கு எட்டு அடிக்கத் தொடங்கினாள். நானும் முயன்றேன். பத்துக்கு ஒன்று விழும். அதுவும் நான் குறிவைத்த டின்னாக இருக்காது.

ஐப்பசியில் மழை பிடித்தது. நாலைந்து நாள் மாடிக்குப் போகவில்லை. மழை விட்ட அன்று அவள் குண்டுப் பையோடு என்னிடம் வந்தாள். நான் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"இன்னாங்க, உங்க டிபார்ட்மெண்ட் வேலை ஒண்ணு வந்துகீது."

பையில் பாதிக் குண்டுகள் செம்புள்ளி போட்டிருந்தன. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வராதா என்று வருடக்கணக்கில் காத்திருந்த டாக்டர் மாதிரி எனக்கு ஒரு சந்தோஷம். சட்டையை மாட்டாமலே பாடம் எடுக்க ஆரம்பித்தேன். இது எவர்சில்வர் இல்லை, சாதா எஃகு. ஈரக்காற்று பட்டால் போதும். பிளாஸ்டிக் பைக்குள் ஈரத்தோடு கட்டிவைத்தால் உள்ளேயே வேர்த்து வேர்த்துத் துருவேறும். அவள் முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, "சரி, செஞ்சு குடுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதுதான் வேலை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சாக்குத் துணியில் போட்டு உருட்டி உருட்டித் துருவை எடுத்தேன். கம்பெனி ஸ்டோரில் சொல்லிவிட்டு வாங்கிவந்த துருத்தடுப்பு எண்ணெயில் எல்லாக் குண்டுகளையும் முக்கி எடுத்தேன். இனி கடலில் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று அறிவித்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம் அவள் முதல் குண்டைத் தோல் பட்டையில் வைத்து இழுத்தாள். வழுக்கி, அவள் கால் கட்டைவிரலில் விழுந்தது. இரண்டாவது, இழுக்கும்போதே பின்பக்கமாக நழுவியது. மூன்றாவது பறந்தது. ஆனால் டின் பக்கம் போகவில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர் டேங்கில் பட்டு 'தொப்' என்று சத்தம் கேட்டது. தோல் பட்டை எண்ணெய் குடித்து அப்பளம் பொரித்த தாள் மாதிரி ஆகியிருந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"துரு புடிக்கக் கூடாதுன்னீங்க, சரி. குண்டு என் கையிலயே நிக்கக் கூடாதுன்னும் ஏற்பாடு பண்ணிட்டீங்க."

அன்றைக்கே பாகப்பிரிவினை ஆயிற்று. நூறு குண்டு அவளுக்கு, நூறு எனக்கு. அவரவர் குண்டை அவரவர் வழியில் பாதுகாப்பது.

அவள் வழி எனக்குச் சிரிப்பாக இருந்தது. குண்டுகளை சோப்புத்தூள் போட்டுக் கழுவி எண்ணெயைப் போக்கினாள். என் பழைய வேட்டியில் துடைத்தாள். தோசை வார்த்து முடித்து அடுப்பை அணைத்த பிறகு, சூடு தணியாத கல்லின் மேல் பரப்பிக் காயவைத்தாள். நன்றாக ஆறிய பிறகுதான் ஊறுகாய் பாட்டிலில் போட்டாள். கூடவே ஈரத்தை இழுக்க இரண்டு சாக்பீஸ். அவ்வளவுதான்.

"ஆறுறதுக்கு ஏன் இவ்ளோ நேரம் காத்துக்கினு கீற?" என்றேன், தெரியாதவன் போல.

"முறுக்கை சூட்டோட டப்பால போட்டு மூடுனா இன்னா ஆவும்? நமுத்துப் போவும். இதுவும் அதே கதைதான்."

என் வழி விஞ்ஞானம். எண்ணெயை மட்டும் அவளைப் போல நானும் கழுவிப் போக்கினேன். ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகாத டப்பா. ஈரம் உறிஞ்சும் மணிகள் அடைத்த பொட்டலங்கள் நான்கு. குண்டுகளைச் சுற்ற, கம்பெனியில் கழித்த துருத்தடுப்புத் தாள். இதற்கு மேல் தினசரி ஆய்வு. ஆய்வு இல்லாத தரம் தரமே இல்லை என்று என் மேஜைக்கு மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். எனவே தினமும் வீடு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் டப்பாவைத் திறந்து, பத்துப் பத்துக் குண்டாக எடுத்து உள்ளங்கையில் உருட்டி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு மூடிவைப்பேன்.

இரண்டு வாரத்தில் என் குண்டுகள் துருப்பிடித்தன. அவளுடையவை வாங்கிய நாள் போலவே இருந்தன.

பொட்டலங்களின் மேல் பழி போட்டேன். மாற்றினேன். டப்பாவின் மூடி சரியில்லை என்றேன். வேறு டப்பா வந்தது. காற்று கடல் பக்கமிருந்து வருகிறது என்றேன். அதே காற்றுதானே ஊறுகாய் பாட்டில் இருக்கும் அலமாரிக்கும் வருகிறது என்று அவள் கேட்டாள். குண்டுகளை மறுபடியும் சுத்தம் செய்து, ஆய்வை இன்னும் கடுமையாக்கினேன். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. இந்தத் தடவை ஒரே வாரம்தான் தாங்கியது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்கக் கூடாது" என்றாள்.

"சொல்லு."

"அது டப்பால இல்ல. உங்க கையில கீது."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "வாசல் கேட்டுல நீங்க டெய்லி புடிச்சித் தொறக்கற எடம் மட்டும் துரு. வண்டி சாவிய பாருங்க. எத்தினி வாட்ச் மாத்திட்டீங்க, எல்லாம் பின்பக்கம்தான் அரிச்சிப் போவுது. கல்யாணமான புதுசுல என் கத்திரிக்கோல எடுத்து பேப்பர் வெட்டுனீங்க, ஞாபகம் கீதா? மறுநாளு பாத்தா விரலு அச்சு அச்சா செவப்பா பதிஞ்சுகெடந்துது. அன்னிலேர்ந்து அத்த உங்க கண்ணுல படாமத்தான் வெச்சிருக்கேன். உங்களுது வேர்வை இல்லீங்க, உப்புத்தண்ணி."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க துரு கம்பெனில பெரிய ஆளு. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போவுதுன்னு வுட்டுட்டேன்."

தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன். குண்டுகளுக்காக இல்லை. கம்பெனியில் நான் செய்துவைத்திருந்த ஒரு காரியம் நினைவுக்கு வந்துவிட்டது.

அந்த வருடம் கோடையில் வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து ஒரு புகார் வந்திருந்தது. வளையங்களில் செந்நிறத்தில் விரல் ரேகைகள். புகைப்படமும் அனுப்பியிருந்தார்கள். உலகத்தில் சிலருடைய வேர்வைக்கு இரும்பை அரிக்கும் குணம் கொஞ்சம் அதிகம். இது எங்கள் தொழிலில் தெரிந்த சங்கதி. அதனால்தான் பேக்கிங்கில் எல்லோருக்கும் கையுறை கட்டாயம். அந்த விதியை எழுதியவன் நான். கழுவி வரும் வளையம் சரியாகக் காய்ந்திருக்கிறதா என்று எண்ணெய் பூசும் முன் விரலால் தொட்டுப் பார்த்து அனுப்புகிறவனும் நான். கையுறையோடு தொட்டால் ஈரம் தெரியாது என்பதால் எனக்கு மட்டும் நானே விலக்கு கொடுத்திருந்தேன்.

யாரோ கையுறையைக் கழற்றியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டி விசாரணை வைத்தேன். பேக்கிங்கில் இருந்த பெண்கள் ஒவ்வொருவரிடமும் மெருகேற்றிய ஒரு தகட்டைக் கொடுத்துக் கையைப் பதிக்கச் சொன்னேன். ஒரே ஒரு தகடு மட்டும் மறுநாள் நன்றாகச் சிவந்திருந்தது. அது பழவேற்காட்டிலிருந்து வரும் ஓர் அம்மாவுடையது. வீட்டுக்காரருக்கு அங்கே சின்னதாக மளிகைக் கடை. இந்த அம்மா எட்டு வருடமாக எங்களிடம் வேலை. அவரிடம் எப்படிப் பதிக்க வேண்டும் என்று அவருடைய தகட்டையே வெறும் கையில் பிடித்துச் செய்துகாட்டியது நான்தான். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த அம்மா அன்றைக்கே சொன்னார்: "இன்னா சார் பேஜாரு பண்றீங்க? எங்க ஊரு உப்புக்காத்து. அங்கயே எங்க கடை எடைக்கல்லு துரு இல்லாம கீது. டெய்லி நான்தான் தொடைச்சு வெக்கிறேன்."

எடைக்கல் வேறு, பேரிங் வளையம் வேறு என்று விளக்கினேன். காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் காரணத்தைச் சொல்லி, அவரைத் திறந்தவெளியில் இருக்கும் இரும்புக் கம்பி யார்டுக்கு மாற்றினேன். கம்பிக் கட்டுகளுக்கு அளவு எழுதிய அட்டை கட்டும் வேலை. வெயிலுக்குத் தகரக்கூரைதான். மற்றவர்களுக்கு முன்னுதாரணமாக இருக்கட்டுமே என்று நானும் இரண்டு மாதம் கையுறை போட்டேன். காரணத்தை எழுதி வாடிக்கையாளருக்கு ரிப்போர்ட் போயிற்று. புகார் நின்றது. எனக்குக் கேண்டீனில் வைத்துப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். பிரச்சினைதான் தீர்ந்துவிட்டதே என்று கையுறையைக் கழற்றிவிட்டேன். அதற்குள் வெயில் தணிந்து வேர்வையும் குறைந்திருந்தது.

மனைவி கத்திரிக்கோல் கதையைச் சொன்ன மறுநாள், கம்பெனியில் கழிவுப் பெட்டியிலிருந்து இரண்டு வளையங்கள் எடுத்தேன். ஒன்றை வெறும் கட்டைவிரலால் அழுத்தினேன். மற்றொன்றைக் கையுறையோடு. இரண்டையும் ஈரச்சூடு வைத்துச் சோதிக்கும் பெட்டிக்குள் வைத்தேன். அடுத்த நாள் திறந்தபோது ஒன்று சுத்தமாக இருந்தது. மற்றதில் என் கட்டைவிரல், பத்திரப் பதிவு ஆபீஸில் மை தொட்டு வைத்தது போல, ஒரு கோடு விடாமல் பதிந்திருந்தது.

மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர், தன்மையான மனிதர். வளையத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சார், அந்த ரிப்போர்ட் போயி கஸ்டமர் குளோஸ் பண்ணிட்டாரு. இப்போ போயி காரணம் தப்புன்னு நாமளே சொன்னா, மத்த ரிப்போர்ட்டெல்லாம் நோண்டுவாங்க. நீங்க பாட்டுக்குக் கிளவுஸ் போட்டுக்கோங்க. விஷயம் முடிஞ்சுது."

"அந்த அம்மா?"

"யார்டுல நல்லாத்தான இருக்காங்க? ஒண்ணும் கம்ப்ளைண்ட் இல்லையே."

எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன், கேட்க வேண்டியவர் கேட்டுவிட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் அந்தச் சௌகரியத்திலேயே இருந்தேன். யார்டு பக்கம் போகும் வழியை மட்டும் தவிர்த்தேன். மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டுக்கு அந்த அம்மா கேண்டீனில் எதிரே வந்தார். "வணக்கம் சார்" என்று வழக்கம் போலச் சொன்னார். அவர் கையில் கம்பி கிழித்த கீறல்களும், முகத்தில் வெயிலின் கறுப்பும் தெரிந்தன. தட்டை வைத்துவிட்டு அவர் பின்னாலேயே யார்டுக்குப் போனேன்.

நின்றுகொண்டே சொன்னேன். தகட்டை நான் பிடித்தது, என் வேர்வை, என் கட்டைவிரல் எல்லாவற்றையும். அவர் அட்டை கட்டுவதை நிறுத்தாமல் கேட்டார். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அப்போ துரு உங்க கையா சார்?"

"ஆமாம்மா."

"மன்னிச்சிடுங்கன்னு சொல்லத்தானே வந்தீங்க?"

"ஆமா."

"அன்னிக்கு எங்க வெச்சு சொன்னீங்க? எல்லார் முன்னாடியும் வெச்சு சொன்னீங்க இல்ல? 'ஈரக்கை'ன்னு என்னைக் கூப்புட்டுக்கினு கீறாங்க, தெரியுமா உங்களுக்கு? பஸ்ஸுல கூட. இத்தயும் அங்கயே வந்து சொல்லுங்க. இங்க வந்து கம்பிங்க கிட்ட சொல்லாதீங்க."

மறுநாள் காலைக் கூட்டத்தில் சொன்னேன். மேனேஜரிடம் முன்கூட்டியே தெரிவித்தேன். அவர் அன்றைக்கு வேறொரு கூட்டம் இருப்பதாகச் சொல்லிவிட்டார். அந்த அம்மாவை வரவழைத்திருந்தேன். அவர் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றார். வளையத்தை எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். என் கட்டைவிரல் கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. நான் பேசி முடித்தேன். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற தொனியில் கேட்டது:

"அப்போ சார், உங்கள எந்த யார்டுக்கு மாத்துவாங்க?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நானும் சிரித்தேன் என்று எழுத ஆசைதான். அப்போது சிரிப்பு வரவில்லை. கையில் வேர்வை வழிந்தது.

அந்த அம்மா அன்று மதியமே பேக்கிங்குக்குத் திரும்பினார். யார்டுக்கு என்னை மாற்றவில்லை. இரும்புக் கம்பி யார்டுக்கு இப்படி ஒரு கையுள்ளவனை அனுப்புவது கம்பெனிக்கு நல்லதில்லை என்று மேனேஜரே நினைத்திருக்கலாம். கூட்டத்தில் நான் சொன்ன பிறகு அவர் வேறு வழியில்லாமல் திருத்திய ரிப்போர்ட் ஒன்றை அனுப்பினார். அதில் என்னை 'மேற்பார்வை நிலையில் உள்ள ஒருவர்' என்று மரியாதையாகக் குறிப்பிட்டிருந்தார். அவர் பயந்தபடி யாரும் எதையும் நோண்டவில்லை.

வீட்டில் குண்டுகள் இப்போது மொத்தமும் ஊறுகாய் பாட்டிலில்தான். சாக்பீஸை மாதத்துக்கு ஒருமுறை அவள் வெயிலில் காயவைத்துத் திருப்பிப் போடுகிறாள். மழைக்காலம் முழுக்க ஒரு புள்ளி வரவில்லை. அந்த அலமாரிப் பக்கம் நான் போவதில்லை. குண்டு பொறுக்கக் கூப்பிட்டால் காந்தத்தோடு போவேன். என் விஞ்ஞான டப்பாவில் இப்போது பெருங்காயம் இருக்கிறது. வாசம் வெளியே வருவதே இல்லை என்று அவள் பாராட்டினாள்.

ரிப்போர்ட் போன பத்து நாளில் வாடிக்கையாளரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. அந்த மேற்பார்வையாளருக்குக் கையுறை அணியும் பயிற்சி கடைசியாக எப்போது அளிக்கப்பட்டது? பதிவேட்டைப் புரட்டினால், இத்தனை வருடத்தில் எல்லோருக்கும் பயிற்சி அளித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது. பயிற்சி பெற்றவர் என்ற இடத்தில் ஒருமுறைகூட இல்லை. எனக்கு நானே பயிற்சி கொடுத்து இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டேன். மேனேஜர் பதிவேட்டை மூடினார். பிறகு பேக்கிங்கில் மூத்தவர் யார் என்று விசாரித்து, அந்தப் பழவேற்காட்டு அம்மாவைப் பயிற்சியாளர் ஆக்கினார்.

பயிற்சி அறையில் நாங்கள் இருவர்தான். நான் எழுதிய பாடத்தாளையே அவர் ஒவ்வொரு வரியாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். இடையிடையே "புரியுதா சார்?" என்று கேட்டார். பிறகு கையுறை போட்டுக்காட்டச் சொன்னார். போட்டேன். ஒரு வளையத்தை எடுத்து, பார்த்து, எண்ணெயில் முக்கி, தாளில் சுற்றச் சொன்னார். சுற்றினேன். இருபது வருட அனுபவம், ஒரு மடிப்புக்கூடக் கோணவில்லை. அவர் பேனாவைத் திறந்து மதிப்பெண் கட்டத்தில் பத்துக்கு ஆறு என்று எழுதினார்.

"ஏம்மா, எங்க தப்பு?"

"கிளவுஸ் போட்டுக்கினே நெத்தி வேர்வைய தொடைச்சீங்க சார். அதே கையாலதான் வளையத்த எடுத்தீங்க."

நான் என் கையைப் பார்த்தேன். உறையின் நுனி ஈரமாக இருந்தது. அவர் தாளை என் பக்கம் நகர்த்தி, பயிற்சி பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"பாஸ்தான் சார். ஆனா அடுத்த மாசம் ஒரு தபா வந்துட்டுப் போங்க."